இணைப்பைச் சோதிக்கும் சோதனைகள்

கிள்ளானை அடுத்த துறைமுகம் 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கியது. பழைய ஏட்டில் அப்பெயரைக் காண்போர் இன்றைய கிள்ளான் துறைமுகத்தையே கொள்வர். கணினியிற் குறியீட்டு இணைப்பு எனப்படுவதும் இத்தகையதே. அது வேறொரு கோப்பின் முகவரியை மட்டும் தாங்கிய ஒரு பெயர். 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் வழியாக இது பரவிற்று.

நிரல்கள் இவ்விணைப்பைச் செவ்வனே கையாளுகின்றனவா என்றறிய, தாமே இயங்கும் ஷெல் சோதனைகளை எழுதுவர். அச்சோதனைகளை மேற்பார்ப்பதுதான் கடினம். இணைப்பைத் திறந்தாலும் மூலக்கோப்பின் உரையே கிட்டும். படியைத் திறந்தாலும் அவ்வுரையே கிட்டும். ஆகவே உரையை மட்டும் ஒப்பிடும் சோதனை இணைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்க.

பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் மேக் கணினியில் எழுதிய சோதனையைக் கிள்ளானில் ஒருவர் விண்டோஸில் ஓட்டுகின்றார் எனக் கொள்வோம். விண்டோஸுக்குரிய கிட் நிரலோடு வரும் ஷெல்லில், இணைப்பு ஆக்கும் கட்டளை இயல்பாகப் படியொன்றையே எடுத்துவைக்கும். சோதனையோ வெற்றி என்று கூறும்!

நீக்கத்திலும் இவ்வாறே. 'கோப்பு உண்டா?' என வினவும் '-ஈ' குறி இணைப்பைத் தொடர்ந்து சென்று மூலத்தையே தேடும். மூலம் முன்னரே அழிந்திருப்பின், இணைப்பு அப்படியே கிடக்கவும் 'இல்லை' என்னும். கடை இடிந்தபின்னும் பெயர்ப்பலகை தொங்குவது போன்றது இது. பலகையையே நோக்க வேண்டுமாயின் பெரிய எழுத்து '-எல்' குறியை வழங்கவேண்டும்.

இவை நுணுக்கம் பேசுவோரின் வீண்கவலை அல்ல. 2024 மே மாதம் கிட்டில் ஒரு பெருங்குறை திருத்தப்பெற்றது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தாத கோப்புமுறைகளில், ஒரு கோப்புறையின் பெயரும் ஓர் இணைப்பின் பெயரும் ஒன்றெனக் கொள்ளப்பட்டன. அதனால், பிறர் தொகுப்பை நகலெடுத்த அளவிலேயே அயலார் கட்டளை கிட்டின் உள்ளறையிற் புகுந்து இயங்க இயன்றது. இதற்குரிய சோதனை, அத்தகைய கோப்புமுறையும் இணைப்பு வசதியும் ஒருங்கே அமைந்த கணினியில்தான் ஓடும். வழக்கமான லினக்ஸில் அது தவிர்க்கப்படும். தவிர்த்த வரியும் அறிக்கையில் 'சரி' என்றே தொடங்கும். பக்கத்தே 'தவிர்ப்பு' எனச் சிறு குறிப்பு இருப்பதைப் பலர் படிப்பதில்லை.

மேற்பார்ப்பவர் நிரலில் இணைப்பைக் கையாளும் வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்த்தல் நன்று. அப்போதும் சோதனை தேறினால் அதைத் திருப்பி அனுப்பலாம்.