நெல்லுக்கு அடிச்ச மருந்து, திராட்சைக்கு ஏன் ஆகாது?

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். அதே பள்ளத்தாக்கில், பல இடங்களில் அதை ஒட்டியே, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை. இந்த ரெண்டும் அக்கம்பக்கமா இருக்கிறதுதான் களை விஷயத்தில் நீங்க கவனிக்க வேண்டிய இடம்.

நெல் வயலில் அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் 2,4-டி என்ற மருந்து அடிக்கிறாங்க. இது செடியின் வளர்ச்சி ஹார்மோன் போலவே வேலை செய்யும். களை தாறுமாறா வளர்ந்து முறுக்கிச் சாகும். நெல் புல் இனம், அதனால தாங்கிக்கும். திராட்சை தாங்காது. இந்த மருந்துக்கு ரொம்ப சீக்கிரம் பாதிக்கப்படுற பயிர்களில் திராட்சையும் பருத்தியும் முக்கியமானவை. காத்தோடு வந்த சின்னச் சாரல் போதும். கொழுந்து இலை விசிறி மாதிரி சுருங்கி, நரம்பு நெருங்கிப் போயிடும். பார்க்க வைரஸ் நோய் மாதிரியே இருக்கும். காரணம் தெரியாம அதுக்கு வேற மருந்து வாங்கினா காசுதான் போகும்.

களை விஞ்ஞானிகளின் வேலை மருந்து சிபாரிசு பண்றது மட்டுமில்லை. அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வயலில் போட்டு, உள்ளே என்ன களை, எத்தனைன்னு எண்ணுவாங்க. பிடுங்கி, காயவைத்து, எடை போடுவாங்க. களையே எடுக்காத பாத்தியையும் முழுசா எடுத்த பாத்தியையும் பக்கத்தில் வைத்து விளைச்சலை ஒப்பிடுவாங்க. பொறுமை வேணும்! இப்படிப் பார்த்ததில் தெரிந்ததுதான், பயிரின் ஆரம்ப நாட்களில் வரும் களையே அதிக நஷ்டம் தரும் என்பது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும், 1989-ல் ஜபல்பூரில் தொடங்கிய தேசியக் களை ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த ஆய்வுகள் நடக்குது.

ஒரே மருந்தை வருஷா வருஷம் அடிச்சா களை பழகிக்கும். பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் மருந்துக்கு ஒரு புல் களை 1990-களில் அசையாமல் நின்றது அப்படித்தான்.

சரி, நீங்க என்ன செய்யலாம்? பக்கத்தில் திராட்சை இருந்தா 2,4-டி வேண்டாம். நட்ட 3 நாளுக்குள் மணலில் கலந்து தூவும் பூட்டாகுளோர் மாதிரி மருந்தில் சாரல் பறக்கிற பிரச்சினை இல்லை. வயலில் மெல்லிசா தண்ணீர் நிற்கணும், அடுத்த 2 நாளுக்கு வடிக்கக் கூடாது. வரிசை நடவு செய்தவங்களுக்கு கோனோ வீடர் ஓட்டுறது நல்லது. களை மண்ணிலேயே மட்கிடும். எந்த மருந்தானாலும் காத்து அடங்கின நேரத்தில்தான் அடிக்கணும். முக்கியமா, களை மருந்து அடிச்ச டேங்கில் திராட்சைக்கு மருந்து அடிக்காதீங்க. கழுவினாலும் மிச்சம் ஒட்டியிருக்கும். தனி டேங்க் வெச்சுக்கிறதே மேல். இரவல் டேங்க் வாங்கினா, முன்னாடி என்ன அடிச்சதுன்னு கேட்டுட்டு வாங்குங்க.

இலை சுருங்கினா போட்டோ எடுத்து வைங்க. பக்கத்து வயலில் எந்த மருந்து, எந்தத் தேதியில் அடிச்சாங்கன்னு விசாரிச்சு குறிச்சு வைங்க. நேரில் காட்ட, ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. உழவன் செயலியில் உங்க ஊருக்கு வரும் வேளாண் அலுவலர் விவரம் பார்க்கலாம். போனில் கேட்க, கிசான் அழைப்பு மையம்: 1800 180 1551, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.