சாசனப் பாடசாலையும் சிறு தொகையின் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 'சாட்டர்' பாடசாலை என வழங்கும் ஒருவகைக் கல்விக்கூடம் உண்டு. அதனை யாம் சாசனப் பாடசாலை என்போம். அது அரசாங்கப் பணத்தால் நடைபெறுவது; கட்டணம் வாங்காதது; எனினும் தனிச் சபையொன்றினால் நிருவகிக்கப்படுவது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் நம் நாட்டிலிருந்த உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அறிந்தோர்க்கு இம்முறை முற்றும் புதிதன்று. ஆயின் அங்கே சாசனம் குறித்த சில ஆண்டுகளுக்கே வழங்கப்படும். பெறுபேறு குன்றின், அது புதுப்பிக்கப்படாது பாடசாலை மூடப்படவுங் கூடும்.

இதற்கான முதற் சட்டம் 1991இல் மினசோட்டா மாநிலத்தில் இயற்றப்பெற்றது. 1992இல் அங்கே சென்ற் போல் நகரில் திறக்கப்பட்ட 'சிற்றி அக்கடமி', படிப்பை இடையில் விட்ட இளைஞரையே நாடிச் சேர்த்தது. இத்தகைய சிறிய உயர்நிலைப் பாடசாலைகளை வருத்துவன இரண்டு.

ஒன்று, வரவு. ஆண்டின் 180 பாடசாலை நாள்களில் 18 நாள் வராதவன், அதாவது பத்திலொரு பங்கு தவறியவன், நீடித்த வரவின்மை உடையவனாகக் கணிக்கப்படுவான். 2018–19இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 15 சதவீதமாயிருந்த இத்தொகை, கொரோனாத் தொற்றின் பின் 2021–22இல் 28 சதவீதமாயிற்று. அங்கே இறுதிப் பரீட்சை ஒன்றினால் மாத்திரம் சான்றிதழ் கிட்டாது; பாடந்தோறும் தகுதிப் புள்ளி சேர்த்தல் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அட்சரகணிதத்தைத் தவறவிட்டவனுக்குப் பத்தாம் வகுப்பில் இரட்டைச் சுமை. உடல் வகுப்பிலிருப்பினும் உள்ளம் வெளியேறிவிடும். பின்னர் உடலும் வெளியேறும்.

மற்றையது, எண்ணிக்கை. 2015ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், மாணவருள் மூன்றிலொரு பங்கினரை அல்லது அதற்கு மேற்பட்டோரைச் சான்றிதழ் பெறச் செய்யத் தவறும் உயர்நிலைப் பாடசாலைகளைச் சீர்திருத்தத்துக்குரியனவாகக் குறிக்கின்றது. இருபது பேர் கொண்ட வகுப்பில் பதினால்வர் சித்தியெய்தின் 70 சதவீதம். அவருள் ஒருவன் குடும்பச் சுமையாற் கூலிவேலைக்குப் போய்விடின் 65 சதவீதம். நானூறு பேருள்ள வகுப்பில் அவ்வொருவன் கால் சதவீதமே. ஆகவே சிறு பாடசாலையை ஓராண்டுத் தொகை கொண்டு புகழ்தலும் இகழ்தலும் பொருந்தா. பல ஆண்டுகளைச் சேர்த்து நோக்குதலே முறை. அன்றேல், முன்பே ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளைகள் மீண்டும் தெருவில் விடப்படுவர்.

எனினும் சிறுமைக்கு ஒரு பெருமையும் உண்டு. இருபது பேரின் இடாப்பில் ஒருவன் மூன்று நாள் வராவிடின் ஆசிரியர் அறிவார். அவன் வீட்டு வாயிலுக்குச் செல்லவும் இயலும். சிறு பாடசாலைகள் பல கொண்ட நம் நாட்டிலும், சதவீதத்தைப் பார்க்குமுன் இடாப்பைப் பார்ப்பதே ஆசிரியராகிய எமக்கும் கடன்.