காலணிக்குள் ஒளிந்திருக்கும் எஃகு

கொதிகலன்களையும் அழுத்தக் கலன்களையும் ஆய்வு செய்து சான்றளிப்பது என் தொழில். மாதத்தில் பாதி நாள்கள் திருச்சியில் இருப்பேன். மீதி நாள்கள் ஏதேனும் ஒரு சுத்திகரிப்பு ஆலையிலோ அனல் மின் நிலையத்திலோ கழியும். ஆலை வாயிலில் பாதுகாப்புக் காலணி இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தக் காலணியைப் பெட்டியில் வைத்தால், ஆய்வுக் கருவிகளோடு சேர்ந்து எடை வரம்பைத் தாண்டிவிடும். எனவே அதை அணிந்தே விமானம் ஏறுவது என் வழக்கமாயிற்று. சோதனை வாயில் ஒலிப்பதும், குனிந்து கயிறுகளை அவிழ்ப்பதும், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவதும் பழகிப்போயின.

பழகாத ஒருவரை ஓர் அதிகாலையில் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற அந்த இளைஞர் ‘ஷட்டவுன்’ வேலைக்காகக் குஜராத் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர் குழுவில் ஒருவர். முதல் விமானப் பயணம். வாயில் ஒலித்தது. கைப்பேசி, இடுப்புப் பட்டை, சில்லறைக் காசு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு மீண்டும் நடந்தார். மீண்டும் ஒலித்தது. காலணியைக் கழற்றச் சொன்னார்கள். அவர் தயங்கியதற்குக் காரணம் கழற்றிய பிறகே தெரிந்தது. காலுறையில் இரண்டு விரல்கள் வெளியே தெரிந்தன. “சார், இது கம்பெனியில குடுத்த ஷூ சார். எங்கிட்ட வேற இல்ல” என்று, யாரும் கேட்காமலேயே, குற்றம் செய்தவரைப் போல அவர் சொன்னார். காவலர் கடுமையாக எதுவும் பேசவில்லை. ஆனாலும் அந்தக் குரல் என்னைவிட்டுப் போகவில்லை. தன் காலணிக்குள் என்ன இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சோதனை வாயிலின் இரு பக்கங்களிலும் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவற்றில் மிகக் குறுகிய மின்துடிப்புகள் பாயும்போது காந்தப்புலம் எழுந்து அடங்குகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதனுள் சிறு மின்னோட்டம் சுழலும். அது அடங்கும்போது உண்டாகும் எதிர்ப்புலத்தை வாயில் உணர்ந்து ஒலி எழுப்புகிறது. அதாவது, மின்சாரத்தைக் கடத்தும் எந்தப் பொருளும் அதற்கு உலோகம்தான். எஃகு, பித்தளை, அலுமினியம் என்ற வேறுபாடு இல்லை. வாயிலின் ஓரத்தில் மேலிருந்து கீழாக உள்ள விளக்குகள், உடலின் எந்த உயரத்தில் உலோகம் இருக்கிறது என்பதைக் காவலருக்குக் காட்டும். மிகக் கீழே உள்ள விளக்கு எரிந்தால் சந்தேகம் காலணி மேல்தான்.

சாதாரண அலுவலகக் காலணியில் உலோகம் ஏது என்று கேட்கலாம். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, தரையைத் தொடாமல் வளைந்து நிற்கும் பகுதியைக் கவனியுங்கள். அங்கே வலு சேர்க்க, உள்ளட்டைக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வைக்கிறார்கள். இதை ‘ஷேங்க்’ என்பார்கள். முறையாகத் தயாரிக்கப்பட்ட தோல் காலணிகள் பலவற்றில் இது எஃகுப் பட்டை. சிலவற்றில் மரம், கண்ணாடியிழை அல்லது நெகிழி. விலை உயர்ந்த காலணி எளிதாகச் சோதனையைக் கடந்துவிடும் என்று எண்ணுவது தவறு. நன்கு உழைக்கும்படி செய்யப்பட்டது என்பதாலேயே அதில் எஃகு இருக்க வாய்ப்பு அதிகம். இவை தவிரக் குதிகாலை இணைக்கும் ஆணிகள், கயிறு நுழையும் வளையங்கள், பக்கிள், ஜிப், பெண்களின் உயர்ந்த மெல்லிய குதிகாலுக்குள் ஓடும் எஃகுத் தண்டு என்று பட்டியல் நீளும். தேயாமல் இருக்க லாடம் அடித்துக்கொள்ளும் பழக்கமும் சிலரிடம் இன்னும் உண்டு.

தொழிலகக் காலணியின் கதை வேறு. அதன் முனையில் விரல்களைக் காக்கும் கவசம் இருக்கிறது. அந்தக் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும் என்கிறது பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 20345. 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்கள் மீது விழுவதற்கு ஏறக்குறைய இணையான தாக்கம் அது. நெடுங்காலம் இக்கவசத்தை எஃகில்தான் செய்தார்கள். இன்று கண்ணாடியிழை, கார்பன் இழை போன்றவற்றைப் பிசினோடு சேர்த்து உருவாக்கும் ‘காம்போசிட்’ கவசங்களும் கிடைக்கின்றன. அவையும் அதே 200 ஜூல் சோதனையில் தேறியாக வேண்டும். அதே வலுவைப் பெறத் தடிமன் கூடுவதால், முனை சற்றுப் புடைத்துத் தெரியும், அவ்வளவே. ஆணி குத்தாமல் தடுக்க அடியில் வைக்கும் எஃகுத் தகட்டுக்குப் பதிலாக நெய்யப்பட்ட வலுவான இழைத் தகடும் வந்துவிட்டது. இரண்டும் உலோகமற்றவையாக இருந்தால்தான் வாயில் மௌனம் காக்கும். முனை மட்டும் காம்போசிட், அடித்தகடு எஃகு என்றொரு ரகம் உண்டு. கடைக்காரர் முனையைப் பற்றி மட்டுமே பேசுவார். அதை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

வாங்குமுன் ஒரு சிறு காந்தத்தைக் காலணியின் முனையிலும் நடுவளைவிலும் குதிகாலிலும் வைத்துப் பாருங்கள். இழுத்தால் உள்ளே எஃகு. இழுக்காவிட்டால் உலோகமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அலுமினியமும் பித்தளையும் காந்தத்துக்குப் பணிவதில்லை, வாயிலுக்கு மட்டும் அகப்படும். எடை குறைவு என்று விற்கப்படும் அலுமினியக் கவசம் இப்படித்தான் பலரை ஏமாற்றுகிறது.

ஆனால் உலோகத்தோடு பிரச்சினை முடிவதில்லை. 2001 டிசம்பர் 22 அன்று, பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்ற பிரிட்டன் நாட்டவர் தன் காலணியில் மறைத்திருந்த வெடிபொருளுக்குத் தீக்குச்சியால் நெருப்பு வைக்க முயன்றார். பயணிகளும் பணியாளர்களும் அவரை மடக்கினர். விமானம் பாஸ்டனில் இறக்கப்பட்டது. அந்த வெடிபொருளை உலோகம் தேடும் வாயில் கண்டறியாது. அமெரிக்க விமான நிலையங்களில் எல்லோரும் காலணியைக் கழற்ற வேண்டும் என்ற விதி 2006 ஆகஸ்டில் கட்டாயமானதற்குப் பின்னணி இதுவே. அங்கே உலோகமற்ற காலணி அணிந்தவருக்கும் விலக்கு இருக்கவில்லை. ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜூலையில்தான் அந்த விதி பொதுவாகக் கைவிடப்பட்டது. ஐயம் எழுந்தால் கழற்றச் சொல்லும் அதிகாரம் அப்போதும் நீடித்தது.

நம் நாட்டில் எல்லோரையும் கழற்றச் சொல்லும் வழக்கம் இல்லை. வாயிலைக் கடந்ததும் சிறு மேடையில் ஏறி நிற்கிறோம். காவலர் கைக்கருவியால் தடவிப் பார்க்கிறார். காலணி அருகே அது கூவினால், கழற்றி ஊடுகதிர்க் கருவிக்குள் அனுப்பச் சொல்கிறார். கடத்தலும் குண்டுவெடிப்பும் கண்ட நாட்டில் இந்த எச்சரிக்கையைக் குறை கூற மாட்டேன். கழற்ற இயலாதவர்களைப் பற்றித்தான் என் கவலை. ஒவ்வொரு பயணத்திலும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று நடனக் கலைஞர் சுதா சந்திரன் 2021 அக்டோபரில் பொதுவெளியில் முறையிட்டார்; மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. நீரிழிவால் பாதத்தில் உணர்வை இழந்தவர்களை வெறுங்காலுடன் நடக்கவே கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இவர்களுக்காக வாயிலுக்கு அருகே இரண்டு நாற்காலிகளும் சில ஜோடி செருப்புகளும் வைப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. தொழிலாளர்களை ஊர் ஊராக அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்கள், காலணி கொள்முதல் ஆணையில் ‘முழுவதும் உலோகமற்றது’ என்ற வரியைச் சேர்க்கலாம். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் உலகச் சந்தைக்குக் காலணி செய்யும் மாநிலம் இது. கேட்டால் செய்து தருவதற்குக் கைகள் இங்கேயே இருக்கின்றன. அதே வேளை, சோதனை வாயிலை நினைத்துக்கொண்டு யாரும் தரம் குறைந்த காலணியை வாங்கிவிடக் கூடாது. வாயிலில் நிற்பது ஐந்து நிமிடம். வேலைத்தளத்தில் நிற்பது பத்து மணி நேரம். பலத்த அடி வாங்கிய முனைக்கவசத்தை, எஃகானாலும் காம்போசிட்டானாலும், மாற்றியே ஆக வேண்டும் என்பதையும் தொழில் முறையில் சொல்லிவைக்கிறேன்.

அந்த இளைஞர் விமானத்தைத் தவறவிடவில்லை. காத்திருக்கும் இடத்தில் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நிதானமாகக் கயிறு கட்டினார். முனையைத் தட்டிக் காட்டி உள்ளே எஃகு இருப்பதைச் சொன்னேன். “அப்ப என்மேல தப்பில்லையா சார்?” என்று கேட்டார். தன் காலணியைக் குனிந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, குழுவிலிருந்த மற்றவர்களை அழைத்து அவர்கள் காலணிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.