42-ம் நம்பரைக் காத்த திருமதி ரேச்சல்

கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஒரு படம். வருஷத்துக்கு ஒரு தரம் திதி. பெயரும் புகழுமாக வாழ்ந்த மனிதர் என்றால் அலமாரியில் நாலு கோப்பை, நாலு மெடல். வெள்ளிக்கிழமை தோறும் அவற்றைத் துடைத்து வைப்பது. கணவர் காலமான பிறகு அவர் பெயரைக் காப்பது என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதே காரியத்தை வேறு விதமாக, அதுவும் ஐம்பது வருஷம் விடாமல் செய்து காட்டிய ஒரு பெண்மணியைப் பற்றிப் படித்தபோது, நம் சகோதரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அவர் அமெரிக்காவைச் சேர்ந்த திருமதி ரேச்சல் ராபின்சன்.

அவருடைய கணவர் ஜாக்கி ராபின்சன், பேஸ்பால் ஆட்டக்காரர். பேஸ்பால் என்பது நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அங்கேயும் ஒருவர் பந்து வீச, ஒருவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்கு அது அப்படி. ஆனால் அங்கே பெரிய போட்டிகளில் 1880களுக்குப் பிறகு கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது. எவ்வளவு திறமை இருந்தாலும் அவர்கள் தனியாக, தங்களுக்குள்தான் ஆடிக்கொள்ள வேண்டும். அந்தக் கதவை முதலில் திறந்தவர் ஜாக்கி. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களத்தில் இறங்கினார். அவர் சட்டையில் இருந்த நம்பர் 42.

ரேச்சல் பிறந்தது 1922 ஜூலை 19 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். கல்லூரியில் படிக்கும்போதுதான் ஜாக்கியைச் சந்தித்தார். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப் போயிற்று. ஆனாலும் ரேச்சல் அவசரப்படவில்லை. நர்ஸ் படிப்பை முடித்த பிறகுதான் கல்யாணம் என்பதில் உறுதியாக இருந்தார். 1945ல் படிப்பு முடிந்தது. 1946 பிப்ரவரி 10 அன்று கல்யாணம் நடந்தது.

கல்யாணமாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜாக்கி பயிற்சிக்காக புளோரிடா மாநிலத்துக்குப் போக வேண்டி வந்தது. புதுப்பெண்ணும் கூடவே புறப்பட்டார். மாமியார் மேலி அம்மாள் ஒரு செருப்பு அட்டைப் பெட்டியில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் வைத்துக் கொடுத்தார். விமானத்தில் போகிறவர்களுக்கு எதற்குக் கட்டுச்சோறு என்று இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குக் கூச்சம். வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவர்களை விமானத்திலிருந்து இறக்கி விட்டார்கள். கறுப்பினத்தவர் என்பதால் அங்கே உட்கார்ந்து சாப்பிடக்கூட இடம் தரவில்லை. மாமியார் கொடுத்த பெட்டிதான் பசியைத் தீர்த்தது! பெரியவர்கள் எதையும் காரணம் இல்லாமல் செய்வதில்லை.

அடுத்த ஊரில் மறுபடியும் விமானத்திலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் பஸ் ஏறினார்கள். முன்னால் உட்கார்ந்தவர்களைப் பின்னால் போகச் சொன்னார் டிரைவர். இத்தனைக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1944ல், ராணுவத்தில் இருந்தபோது இதே மாதிரி பஸ்ஸில் பின்னால் போகச் சொன்னதற்கு "முடியாது" என்று மறுத்து, ராணுவ விசாரணை வரை போய், குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர் ஜாக்கி. அப்படிப்பட்டவர் இப்போது ஒன்றும் பேசாமல் எழுந்து பின்னால் போனார். காரணம், அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். யார் என்ன திட்டினாலும், என்ன அவமானம் செய்தாலும், திருப்பி அடிக்கக் கூடாது. கோபப்பட்டால் அடுத்து வர வேண்டிய கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கதவு மூடிவிடும்.

அந்த ராத்திரி பஸ்ஸின் இருட்டில் ரேச்சல் சத்தம் போடாமல் அழுதார். தனக்காக அழவில்லை. மானஸ்தனான புருஷன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்று அழுதார். ஒரு மனைவிக்கு இதைவிட வேதனை உண்டா?

அந்த வருஷம் ஜாக்கி கனடாவில் மான்ட்ரியல் அணிக்கு ஆடினார். ரேச்சல் அப்போது கர்ப்பமாக இருந்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பிரெஞ்சு பேசுகிறவர்கள். பாஷை புரியாவிட்டாலும் அந்தப் பெண்கள் வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணுக்குச் சத்தான உணவு வேண்டுமே என்று தங்கள் ரேஷன் கூப்பன்களைக் கொடுத்தார்களாம். தாய்மைக்குப் பாஷை எதற்கு!

1947ல் கைக்குழந்தையோடு நியூயார்க் வந்தார்கள். முதலில் ஒரு ஹோட்டல் அறையில் குடித்தனம். ஐந்து மாதக் குழந்தையை ஹோட்டல் அறையில் வைத்துக்கொண்டு சமாளிப்பது எப்படி என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மைதானத்தில் வசை மழை. வீட்டுக்கு வரும் தபாலில் கொலை மிரட்டல். ரேச்சல் ஆட்டங்களுக்குப் போய், கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் காதால் கேட்டார். வீடு மட்டும் நிம்மதியான இடமாக இருக்க வேண்டும், வெளியே நடந்த கசப்பு உள்ளே வரக்கூடாது என்று கணவனும் மனைவியும் தீர்மானம் செய்துகொண்டார்கள். அந்த வருஷமே ஜாக்கி சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். 1949ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். 1955ல் அவருடைய அணி உலகத் தொடர் கோப்பையையே ஜெயித்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் ரேச்சல் "நல்ல மனைவி" என்ற பெயரோடு நின்றிருப்பார். ஆனால் கணவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, மூன்று பிள்ளைகளும் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இவர் மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்தார்! ஜாக்கிக்கு முதலில் அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். ரேச்சல் விட்டுக்கொடுக்கவில்லை. மனநல நர்சிங்கில் மேல்பட்டம் வாங்கினார். யேல் பல்கலைக்கழகத்தில் நர்சிங் கற்றுக்கொடுத்தார். ஒரு மனநல மருத்துவ மையத்தில் நர்சிங் பிரிவுக்கே தலைமை வகித்தார். பிற்காலத்தில் அவருக்குத் துணையாக நின்றது இந்தப் படிப்பும் அனுபவமும்தான்.

சோதனை அடுத்தடுத்து வந்தது. 1971ல் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தான். 24 வயது. அடுத்த வருஷமே, 1972 அக்டோபர் 24 அன்று, ஜாக்கி மாரடைப்பால் காலமானார். வயது 53தான். சர்க்கரை வியாதி அவர் உடம்பை உள்ளுக்குள் அரித்திருந்தது. கடைசி நாட்களில் கண் பார்வையும் ஏறக்குறைய போய்விட்டது. எத்தனை பெரிய ஓட்டக்காரராக இருந்தால் என்ன? சர்க்கரை யாரையும் விட்டு வைப்பதில்லை. வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால், வருஷத்துக்கு ஒரு முறையாவது கண்ணையும் காலையும் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் பற்றி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லும் கணவன்மாரை நம்பாதீர்கள்!

ஐம்பது வயதில் விதவை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் ஆறுவதற்குள் கணவரும் போய்விட்டார். மூலையில் உட்கார்ந்திருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? ரேச்சல் உட்காரவில்லை. கணவர் தொடங்கியிருந்த வீடு கட்டும் கம்பெனியைத் தன் கையில் எடுத்து, குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடுகள் கட்டினார். 1973ல் ஜாக்கி ராபின்சன் பவுண்டேஷனைத் தொடங்கினார். திறமை இருந்தும் வசதி இல்லாத பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்க வைப்பதுதான் அதன் வேலை.

செக் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சங்கம் இல்லை அது. நாலு வருஷப் படிப்பிலும் பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி உண்டு. பணத்தைப் பார்த்துச் செலவு செய்வது, நாலு பேர் முன் பேசுவது, வேலை தேடுவது எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரையும் நியூயார்க்குக்கு வரவழைக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படிப் படித்து வெளியே வந்திருக்கிறார்கள். பணம் மட்டும் போதாது, பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும் என்பது ஒரு தாய்க்குத்தானே தெரியும்?

இன்னொரு விஷயமும் என்னை யோசிக்க வைத்தது. செத்துப் போனவரைத் தெய்வமாக்கி விடுவது சுலபம். எல்லா அடியையும் பொறுத்துக்கொண்ட சாது என்று ஜாக்கியைச் சொல்வது உலகத்துக்கு வசதியாக இருந்தது. அவரோ உரிமைக்காகப் போராடியவர், கோபக்காரர், நல்ல தகப்பன். அந்த முழு மனிதரைக் காட்டத்தான் 1996ல் ரேச்சல் படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார்.

மறு வருஷம், 1997 ஏப்ரல் 15 அன்று, நியூயார்க் மைதானத்தில் ஜனாதிபதி கிளிண்டன் வந்திருக்க, ரேச்சல் பக்கத்தில் நிற்க, ஓர் அறிவிப்பு வந்தது: பெரிய லீகில் எந்த அணியிலும் இனி 42-ம் நம்பர் புதிதாக யாருக்கும் தரப்படாது. பிறகு ஏப்ரல் 15 ஜாக்கி ராபின்சன் நாள் ஆயிற்று. 2009 முதல் அன்று ஒரு நாள் மட்டும் எல்லா ஆட்டக்காரர்களும் 42 போட்ட சட்டையோடு இறங்குகிறார்கள். பேஸ்பால் வீரர்களுக்கான புகழ் மண்டபத்தில் 1962ல் வைத்த பலகையில் ஜாக்கியின் ஆட்டக் கணக்கு மட்டுமே இருந்தது. நிறத் தடையை அவர் உடைத்ததையும் எழுதி 2008ல் புதுப் பலகை வைத்தபோதும் ரேச்சல் அங்கே இருந்தார்.

நியூயார்க்கில் கணவர் பெயரில் ஒரு மியூசியம் வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. பணத் தட்டுப்பாடு, பிறகு கொரோனா என்று தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் 2022 ஜூலை 26 அன்று திறப்பு விழா நடந்தது. ரிப்பன் வெட்டும் இடத்தில் சக்கர நாற்காலியில் ரேச்சல். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவருக்கு நூறு வயது நிறைந்திருந்தது!

"அதெல்லாம் பெரிய இடத்து சமாசாரம், நமக்கு எப்படி?" என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு மாமி. கணவர் கணக்கு வாத்தியாராக இருந்து காலமானவர். மாமி வருஷா வருஷம் அவர் திதியன்று ஓர் ஏழைப் பிள்ளைக்கு நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும் வாங்கிக் கொடுத்து, "இது சார் கொடுத்தது" என்று சொல்வார். ரேச்சல் செய்ததும் இதேதான், அளவு பெரிது.

உங்கள் வீட்டில் மறைந்தவர் எதற்காகப் பாடுபட்டார் என்று யோசியுங்கள். தச்சு வேலை, பாட்டு, வைத்தியம், பந்தாட்டம், எதுவாக இருந்தாலும் அந்த வழியில் போகும் ஒரு பிள்ளைக்குக் கை கொடுங்கள். பழைய படங்களின் பின்னால் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். அவருடைய நல்லதையும் கோபத்தையும் சேர்த்தே பேரன் பேத்திகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் படிப்பு பாதியில் நின்றிருந்தால் அதையும் ஒரு தரம் தூசி தட்டிப் பாருங்கள். ரேச்சல் அம்மையார் மறுபடி புத்தகத்தைத் தொட்டபோது அவருக்கு ஏறக்குறைய நம் வயதுதான்.