அளவெடுத்துச் செய்யும் கிட்டார் ஸ்டாண்டு: எல்லைப்புறக் கிராமங்களில் உரிமையும் தீர்வும்

கிட்டார் ஸ்டாண்டு சிறிய மரவேலை. ஆனாலும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவி ஒன்றை அது நாள் முழுவதும் தாங்கி நிற்க வேண்டும். கடையில் கிடைக்கும் இரும்பு ஸ்டாண்டு எல்லாக் கிட்டாருக்கும் பொருந்துவதில்லை என்பதால், தேவாலயப் பாடகர் குழுக்களும் இசை மாணவர்களும் ஆசாரியிடம் சொல்லி மரத்தில் செய்துகொள்வதுண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறக் கிராமங்களில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் வரும். வாங்குபவரின் வீடு கேரளத்தில் இருக்கும். பட்டறை களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ, அதாவது தமிழ்நாட்டில் இருக்கும். 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளையும் மார்த்தாண்டமும் அடங்கிய விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் (இன்றைய தமிழ்நாடு) போனது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவும் தொழிலும் அதன் பிறகும் இருபுறமும் கலந்தே தொடர்கின்றன. வேலை கெட்டுப்போனால் மட்டும், “பட்டறை வேறு மாநிலத்தில் இருக்கிறது, இனி எங்கே போய்க் கேட்பது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அளவும் ரசீதும் எழுத்தில் இருந்தால், வாங்குபவர் தம் மாவட்டத்திலேயே நியாயம் கேட்கலாம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் அதை மெய்ப்பிப்பது கடினம். ஒரு தாள் போதும். தமிழிலோ மலையாளத்திலோ எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். அதில் இடம்பெற வேண்டியவை:

- கிட்டாரின் வகை, மொத்த நீளம், உடலின் கீழ்ப்பகுதி அகலம், உடலின் ஆழம், கழுத்தின் அகலம், எடை
- மரத்தின் பெயர், அதைத் தருபவர் யார் என்பது
- மூட்டுகளின் வகை, மேற்பூச்சு, கிட்டார் தொடும் இடங்களில் ஒட்டும் பொருள்
- மொத்த விலை, முன்பணம், மீதி கொடுக்கும் நாள்
- முடித்துத் தரும் தேதி, தாமதமானால் என்ன செய்வது
- எத்தனை மாதம் வரை ஆசாரி இலவசமாகச் சரிசெய்து தருவார் என்பது

வரைபடத்தைத் தாளின் பின்புறம் வரைந்து அளவுகளைக் குறித்துவிட்டால் பாதித் தகராறு எழாது. முன்பணத்தை யுபிஐ மூலமோ வங்கி வழியாகவோ கொடுத்தால் தேதியும் தொகையும் பதிவாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் பேச்சையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து நிலைத்துள்ள சட்டநிலை. ஆகவே மாணவருக்காகச் செய்யும் வேலையில் பெற்றோரே கையெழுத்திட வேண்டும்.

வடிவமைப்பில் உள்ள ஆபத்துகள்

முதல் ஆபத்து கவிழ்தல். அக்கூஸ்டிக் கிட்டார் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 2 கிலோ எடையும் கொண்டது. திண்ணிய மர உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டார் 3 முதல் 4.5 கிலோ வரை இருக்கும். கிட்டாரை வைத்த பிறகு அதன் எடைமையம் ஸ்டாண்டின் கால்களுக்கு உள்ளே விழ வேண்டும். கால்கள் குறுகியிருந்தாலோ சாய்வு போதாமலிருந்தாலோ, குழந்தையின் கை பட்டாலே கருவி விழுந்துவிடும். பொருளைப் பெற்றுக்கொள்ளும் முன் கிட்டாரை வைத்து, நான்கு பக்கமும் மெல்லத் தள்ளிப் பார்ப்பது நல்லது. அனுப்பிவைக்கப்பட்ட பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கேட்பது, 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தரும் உரிமை.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கிப்சன், மார்ட்டின் போன்ற நிறுவனங்களின் பல கிட்டார்களில் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சு இருக்கும். ரப்பர் குழாயும் பிவிசி உறையும் நாள்பட அதோடு வினைபுரிந்து, பூச்சை இளக்கிக் கறையாக்கும். ஸ்டாண்டின் கைகளில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுப்பது எளிது. இத்தகைய கருவிக்கு அது கேடு. கம்பளித் துணி, கார்க், பருத்தித் துணி ஆகியவை ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. தம் கிட்டாரின் பூச்சு எது என்பதை வாங்குபவர் முன்கூட்டியே ஆசாரியிடம் சொல்லி, அதை எழுதியும் வைக்க வேண்டும். எந்தத் தேவைக்கு என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கும் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தியாக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு. தேவையையே சொல்லாதவர் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது ஈரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் பகுதி இது. பச்சை மரத்தில் செய்த கழுந்தும் துளையும் கோடையில் சுருங்கி ஆடத் தொடங்கும். இங்கே எளிதில் கிடைக்கும் ரப்பர் மரம் மலிவு. ஆனால் போரான் மருந்து ஏற்றிப் பதப்படுத்தாவிட்டால் அதில் துளைவண்டு விழும், நீலப் பூஞ்சை படரும். அயனி, பலா, தேக்கு, மகாகனி எதுவானாலும் நன்கு உலர்ந்ததா என்று கேட்டறிய வேண்டும்.

நான்காவது பூச்சில் உள்ள ஈயம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைகள் இருக்கும் வீட்டில், டப்பாவின் மேல் உள்ள குறிப்பைப் படித்துப் பார்த்த பிறகே பெயின்ட் அடிக்கச் சொல்ல வேண்டும்.

மரம் எங்கிருந்து வந்தது?

கிட்டாரின் விரல்பலகை ஈட்டி மரம் என்பதால் ஸ்டாண்டும் ஈட்டியில் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேரளத்தில் சந்தனம், ஈட்டி, தேக்கு, கருங்காலி ஆகியவை நிலத்தின் பட்டா வகையைப் பொறுத்து அரசுக்கு உரியவையாக இருக்கலாம். வயநாட்டின் முட்டில் வழக்கு இதற்கு எச்சரிக்கை. 2020 அக்டோபரில் வருவாய்த் துறை பிறப்பித்த உத்தரவைக் காட்டிப் பட்டா நிலங்களில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. 2021 பிப்ரவரியில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மரங்கள் கைப்பற்றப்பட்டு, குற்றவழக்குகள் தொடர்ந்தன. இத்தகைய மரம் கைமாறி வந்து ஒரு வீட்டில் ஸ்டாண்டாக நின்றால், விசாரணை அந்த வீடுவரை நீளலாம். மரக்கடை பில்லின் பிரதியைக் கேட்டு வாங்குவது வாங்குபவரைக் காக்கும். நேர்மையான ஆசாரியையும் காக்கும். அறுக்காத தடியையோ பலகையையோ எல்லை தாண்டிக் கொண்டுபோகும் முன், அந்த மர வகைக்கு வனத்துறைக் கடவுச்சீட்டு வேண்டுமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

ஈட்டியும் அதன் இனத்தைச் சேர்ந்த மரங்களும் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளன. 2019 நவம்பரில், முழுதாக முடிந்த இசைக்கருவிகள், அவற்றின் உறுப்புகள், துணைப்பொருள்கள் ஆகியவற்றுக்கு உடன்படிக்கையில் விலக்கு வந்தது. வளைகுடா நாட்டில் இருக்கும் உறவினருக்கு ஈட்டி ஸ்டாண்டு அனுப்ப நினைப்பவர், இந்தியச் சுங்க, ஏற்றுமதி விதிகளையும் கேட்டறிந்த பின்பே அனுப்ப வேண்டும்.

கிட்டாரைப் பட்டறையில் விட்டுவந்தால்

அளவுக்காகக் கிட்டாரை ஆசாரியிடம் கொடுத்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அவர் அதைப் பெற்றுக் காப்பவர் ஆகிறார். தம் சொந்தப் பொருளுக்குச் சாதாரண விவேகமுள்ளவர் காட்டும் கவனத்தை அவர் காட்ட வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. கொடுக்கும்போதே கீறல், விரிசல் எல்லாம் தெரியும்படி இருவர் முன்னிலையில் படம் எடுத்துவைப்பது நல்லது. கூலி பாக்கிக்காகத் தாம் உழைத்துச் செய்த ஸ்டாண்டை ஆசாரி நிறுத்திவைக்கலாம். தாம் எந்த வேலையும் செய்யாத கிட்டாரை அதற்காகப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை. அளவையும் படத்தையும் மட்டும் கொடுத்து, இறுதிப் பொருத்தத்துக்குக் கிட்டாரோடு நேரில் போவது இருவருக்கும் பாதுகாப்பு.

வாங்குபவரின் உரிமைகள்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளுக்கும் குறைபாடுள்ள சேவைக்கும் தீர்வு உண்டு. ஆசாரி தம் மரத்தில் செய்தாலும், வாங்குபவர் தந்த மரத்தில் செய்தாலும் சட்டத்தின் நிழல் உண்டு. ஆனால் ஆசாரியை வீட்டுக்கு அழைத்து, நாட்கூலிக்கு, தம் சொற்படி வேலை வாங்கினால் அது தனிப்பட்ட பணி ஒப்பந்தமாகக் கருதப்படலாம். அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்டாண்டுகளை வாங்கி விற்கும் கடைக்காரரும் நுகர்வோர் ஆகமாட்டார். தம் பிழைப்புக்காகச் சுயதொழிலாக வாசிக்கும் இசைக்கலைஞர் நுகர்வோரே.

ரசீது தர மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. “சொல்லிச் செய்த பொருள், திருப்பி எடுக்க முடியாது” என்ற பேச்சு, மனம் மாறியவருக்குப் பொருந்தலாம். குறையுள்ள பொருளைப் பெற்றவருக்குப் பொருந்தாது. ஸ்டாண்டு முறிந்து கிட்டார் உடைந்தால் இழப்பு ஸ்டாண்டின் விலையோடு முடிவதில்லை. குறையுள்ள பொருளால் மற்ற உடைமைக்கு நேர்ந்த சேதத்துக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று அதே சட்டம் உற்பத்திப் பொருளுக்கான பொறுப்பை வகுத்துள்ளது. உடைந்த இரண்டையும் அப்படியே வைத்துப் படம் எடுப்பதும், கிட்டார் பழுதுபார்ப்பவரின் எழுத்து மதிப்பீட்டைப் பெறுவதும் முதல் வேலை.

எங்கே, எப்படி முறையிடுவது

முதலில் குறையைச் சொல்லி, சரிசெய்ய நாள் குறித்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசினால் பேச்சுவார்த்தைக்கு வழி கிடைக்கும். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

எல்லைப்புற மக்களுக்கு உதவும் பெரிய மாற்றம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் உள்ளது. முறையிடுபவர் வசிக்கும் இடத்திலோ பிழைப்புக்காக வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பாறசாலைக்காரர், பட்டறை மார்த்தாண்டத்தில் இருந்தாலும், திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். களியக்காவிளையில் வசிப்பவர், ஆசாரி நெய்யாற்றின்கரையில் இருந்தாலும், கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்; வழக்கறிஞர் கட்டாயமில்லை. எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சென்றபின் 3 மாதத்துக்குள், பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்துக்குள், முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு, நடைமுறையில் தாமதமாகலாம். தீர்ப்பை ஏற்காதவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

முன்பணம் வாங்கி மறைந்துவிடுவது வேறு. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகத் தெரிந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவின் கீழ் மோசடி. சம்பவம் எந்தக் காவல் எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 173ஆம் பிரிவு கூறுகிறது. வெறும் தாமதமும் வேலைக் குறையும் மோசடி ஆகிவிடாது. அவற்றுக்கு நுகர்வோர் ஆணையமே இடம்.

தமிழ் மட்டும் எழுதத் தெரிந்தவர் தயங்க வேண்டியதில்லை. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அரசு அலுவலர்களிடம் குறைதீர்க்க மனுக் கொடுக்கும் உரிமையை அரசமைப்பின் 350ஆவது உறுப்பு அளிக்கிறது.

ஆசாரியின் உரிமைகள்

சொன்னபடி செய்து கொடுத்தபின் கூலியை இழுத்தடிப்பதும் அநீதியே. வாங்குபவர் வேலை நடுவில் அளவை மாற்றினால், கூடுதல் கூலியையும் நாளையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் பெற ஆசாரிக்கு முழு உரிமை உண்டு. பாக்கியை வசூலிக்க அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் 3 ஆண்டுக்குள் வழக்கிடலாம். அதற்கு முன், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் சமரசம் தேடலாம். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஒப்புக்கொண்ட தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு இணையானது, அதன்மேல் முறையீடும் இல்லை. இந்த வழி வாங்குபவருக்கும் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். தொலைபேசி எண் 15100.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் ஒன்று. பொதுச் சேவை மையத்தில் பதிந்து தகுதி பெறுபவருக்குப் பயிற்சியும், கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும், 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சமும் பின்னர் 2 லட்சமும் வரை கடனும் கிடைக்கும். ஈரமானியும் நல்ல உளியும் வாங்க அந்தத் தொகை பயன்பட்டால், மூட்டு ஆடாத ஸ்டாண்டும் தகராறு இல்லாத கூலியும் ஆசாரிக்குக் கைகூடும்.