சிறுநீர்ப்பையில் தீராத கிருமி... கேன்ஸரில் போய் முடியுமா?

'சூடு பிடிச்சிருக்கு... ரெண்டு இளநி குடி, சரியாயிடும்!'

நீர்க்கடுப்பு என்று வாயைத் திறந்ததும் நம் வீடுகளில் கிடைக்கிற முதல் பிரிஸ்கிரிப்ஷன் இதுதான். பாட்டி இருக்கிற வீடு என்றால் கூடவே தொப்புளில் விளக்கெண்ணெயும் தடவி விடுவார். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கிவிடும். நீங்களும் மறந்து விடுவீர்கள்.

ஆனால் அதே எரிச்சல் அடுத்த மாதமும் வந்தால்? வருஷக் கணக்கில் போவதும் வருவதுமாக இருந்தால்? 'இப்படி அடிக்கடி வருதே, கேன்ஸர் கீன்ஸர் ஆயிடுமோ!' என்று மனசு அடித்துக் கொள்ளும். அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வீண் என்று பார்ப்போமா?

கிருமி எங்கிருந்து வருகிறது?

நீர்க்கடுப்புக்குக் காரணம் பெரும்பாலும் 'ஈ-கோலை' என்ற பாக்டீரியா. நம் குடலிலேயே சாதுவாகக் குடியிருப்பதுதான். ஆசனவாயிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து, உள்ளே ஏறிவிட்டால் தொல்லை ஆரம்பம். பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் சுமார் 4 செ.மீ.தான். ஆண்களுக்கோ சுமார் 20 செ.மீ. அதனால்தான் இந்த அவஸ்தை பெண்களுக்கே அதிகம். பெண்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது.

இவர்களுக்கெல்லாம் கேன்ஸர் வருகிறதா என்ன? இல்லவே இல்லை! வந்து, மருந்து சாப்பிட்டு, முழுசாகக் குணமாகிப் போகிற கிருமித் தொற்றை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எது ஆபத்து?

ஆறாத தொற்றுதான். சிறுநீர்ப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அங்கே கிருமி நிரந்தரமாகக் கூடாரம் போட்டால், சவ்வு ஓயாமல் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். செத்த செல்களுக்குப் பதில் புதுசு உண்டாகிக் கொண்டே இருக்கும். அவசர அவசரமாகச் செல்கள் பெருகும்போது அதில் பிழை நேர வாய்ப்பு அதிகம். அந்தப் பிழைதான் புற்றுநோய்க்கு விதை.

மண்வெட்டி பிடிக்கிறவரின் உள்ளங்கை காய்ச்சுப் போகிறது இல்லையா? அது மாதிரி ஓயாத உறுத்தலில் இந்த மென்மையான சவ்வும் தடித்து, தோல் மாதிரி மாறிவிடலாம். 'ஸ்குவாமஸ்' வகைக் கேன்ஸர் இப்படிப்பட்ட இடத்தில்தான் தலை தூக்குகிறது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. சிறுநீரில் இயல்பாக உள்ள நைட்ரேட்டைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றி விடுகின்றன. அது வேறு சில பொருட்களோடு சேர்ந்து 'நைட்ரோஸமின்' ஆகலாம். புற்றுநோயைத் தூண்டும் ரசாயனங்கள் இந்த வகையில் நிறைய உண்டு.

எகிப்து சொன்ன பாடம்

நைல் நதிக் கால்வாய்களில் இறங்கி வேலை செய்த எகிப்து விவசாயிகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போவது அங்கே சர்வ சாதாரணமாக இருந்தது. காரணம் ஒரு புழு! தண்ணீரிலுள்ள நத்தையிலிருந்து கிளம்பி, மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் புதைந்து கொள்ளும். 1851-ல் இந்தப் புழுவைக் கண்டுபிடித்தவர் கெய்ரோவில் இருந்த ஜெர்மன் டாக்டர் பில்ஹார்ஸ். அதற்கும் சிறுநீர்ப்பைக் கேன்ஸருக்கும் தொடர்பு உண்டு என்று 1911-ல் அதே கெய்ரோவில் இருந்த டாக்டர் ஃபெர்குஸன் எழுதினார்.

முட்டை புதைந்த புண்ணில் பாக்டீரியாவும் வந்து ஒட்டிக் கொள்கிறது. இந்த நோயாளிகளின் சிறுநீரில் நைட்ரோஸமின் அதிகமாக இருப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்தப் புழுவைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. பாக்டீரியா மட்டும் தனியாகச் சிறுநீர்ப்பைக் கேன்ஸரை உண்டாக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. இப்போதைக்கு அது குற்றவாளிக்கு உடந்தை!

இதில் நல்ல சேதியும் உண்டு. 'பிரஸிகுவான்டெல்' மாத்திரை கொடுத்துப் புழுவை ஒடுக்கியதும், எகிப்தில் அந்த வகைக் கேன்ஸரும் குறைந்தது. தொற்றை ஒழித்தால் கேன்ஸரையும் தடுக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் வீட்டில் யாருக்குக் கவனம் தேவை?

நம் ஊரில் அந்தப் புழுத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் ஆறாத தொற்றுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தண்டுவடத்தில் அடிபட்டு வருஷக் கணக்கில் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள், சிறுநீர்ப்பையில் கல்லோடு காலம் தள்ளுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் முழுசாக வெளியேறாத தாத்தா, கட்டுப்படாத சர்க்கரையோடு இருக்கிற அத்தை, இவர்களுக்கும் தொற்று திரும்பத் திரும்ப வரும். மூலகாரணத்தைச் சரி செய்யாமல் வெறுமனே மாத்திரை போட்டுப் பிரயோஜனமில்லை.

நிஜமான அபாயம் இதுதான்!

தொற்று கேன்ஸராக மாறுவதைவிட, கேன்ஸரைத் தொற்று என்று நினைத்து ஏமாறுவதுதான் அதிகம் நடக்கிறது. அடிக்கடி போவது, எரிச்சல், ரத்தம் எல்லாம் இரண்டிலும் வரலாம். 'இன்ஃபெக்ஷன்தான்' என்று ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிட்டே மாதங்கள் ஓடிவிடும். முக்கியமாகப் பெண்கள் விஷயத்தில் நோய் தாமதமாகத் தெரிய இது ஒரு காரணம்.

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போகிறதா? ஒரே ஒரு தடவை என்றாலும் உடனே டாக்டரிடம் போங்கள். 'தானா நின்னு போச்சே!' என்று சமாதானம் வேண்டாம். சிறுநீர்ப்பைக் கேன்ஸரில் ரத்தம் இப்படி வந்து வந்து நிற்கும். ஐம்பதைத் தாண்டியவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு அதைவிட ஜாக்கிரதை தேவை. இந்த நோயில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் புகையிலைதான்!

(முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும், டி.பி.க்கு ரிஃபாம்பிஸின் சாப்பிட்டாலும் சிறுநீர் நிறம் மாறும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது லேப்தான், நீங்கள் அல்ல.)

டெஸ்டுகளுக்குப் பயப்பட வேண்டாம். சிறுநீர் கல்ச்சர், ஸ்கேன், தேவைப்பட்டால் மெல்லிய குழாய் வழியே உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி. சீக்கிரம் கண்டுபிடித்தால் வயிற்றைக் கிழிக்காமல் அந்த வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்து விடலாம். பிறகு திரும்ப வராமலிருக்கப் பலருக்குச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது எது தெரியுமா? குழந்தைக்குப் போடுகிறோமே, அந்த பி.சி.ஜி.! அது வீரியம் குறைத்த உயிருள்ள பாக்டீரியா. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

* தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். (இதயம், கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவு மட்டும்.)

* வெளியூர்ப் பயணம், பாத்ரூம் சரியில்லை என்று மணிக்கணக்கில் அடக்காதீர்கள்.

* மலம் கழித்தபின் முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவப் பெண் குழந்தைகளுக்குப் பழக்குங்கள்.

* எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பழைய சீட்டைக் காட்டி நீங்களாகவே மருந்துக் கடையில் வாங்காதீர்கள்.

* சிறுநீரில் ரத்தம் இருந்திருந்தால், தொற்று குணமான பிறகு இன்னொரு முறை டெஸ்ட் செய்யுங்கள். அப்போதும் ரத்தம் இருந்தால் யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள்.

* கல்ச்சரில் கிருமியே இல்லை, ஆனால் தொல்லை தீரவில்லையா? அடுத்த ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்!

இளநீர் குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் மூன்றாவது தடவையும் அதே தொல்லை வந்தால், அது சூடு அல்ல. ஒரு பாட்டில் சிறுநீரை லேபுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் குடியுங்கள்!