கன்னியாகுமரி மாவட்டச் சிறுபான்மையினரும் மேற்பட்டப் படிப்பும்

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிந்தவர் என்ற கீர்த்தியோடு தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்தில், நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்கள். 4 பேர் முஸ்லிம்கள். பாதியை நெருங்கும் சமூகத்தைச் சிறுபான்மை என்பது பொருந்துமோ என்று ஐயுறுவோர்க்கு, மாவட்டமன்று, மாநிலமே அளவுகோல் என 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை கூறியிருக்கிறது.

மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் தொடங்கிய பள்ளியும், நாகர்கோவிலில் மீட் பாதிரியார் வளர்த்துப் பிற்காலத்தில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக மலர்ந்த செமினாரியும், 1964இல் மார்த்தாண்டத்தில் எழுந்த நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியும், மறு ஆண்டில் பெண்களுக்கென நாகர்கோவிலில் தோன்றிய ஹோலி கிராஸ் கல்லூரியும் பட்டப் படிப்பை இம்மக்களின் வாசலுக்கே கொணர்ந்தன. ஆனால் இக்கல்லூரிகள் சார்ந்த பல்கலைக்கழகமோ எந்நாளும் வெளியூரிலேயே இருந்தது: 1937இல் நிறுவப்பட்டது முதல் திருவனந்தபுரத்துத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், 1956 நவம்பர் முதல் தேதி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் சென்னை, 1966இல் மதுரை, 1990இல் திருநெல்வேலியின் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

எம்.ஏ. முடித்த ஒரு கட்டுமரக்காரர் மகனோ, ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியின் மகளோ ஆராய்ச்சியில் புகும்போது, அவ்வயதில் குடும்பத்திற்குக் கிட்ட வேண்டிய சம்பாத்தியம் பல்லாண்டுகள் தள்ளிப்போகிறது. தடை அறிவில் இல்லை, அந்த ஆண்டுகளின் ஜீவனத்தில்தான் இருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம். அக்குறையைப் போக்கவே, முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் அறிக்கைக்குப் பின், 2009இல் சிறுபான்மை மாணவர்க்கென மௌலானா ஆஸாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை ஏற்பட்டது. ஏனைய திட்டங்களோடு இது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது என்ற காரணம் கூறி, 2022-23 முதல் மத்திய அரசு இதனை நிறுத்திவிட்டது. புதியவர்க்கு வழி அடைபட்டது.

அக்காரணத்தை ஏற்க இயலவில்லை. கிறிஸ்தவரைப் பட்டியலினத்தில் சேர்க்காத 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவாக, கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடர் பட்டியலினத்தார்க்குரிய ஆராய்ச்சி உதவியைத் தொடவும் உரிமையற்றவர். பன்மடங்கு பெருந்தொகையினரான பிற்படுத்தப்பட்டோரின் வரிசையிலேயே அவர் நின்று போட்டியிட வேண்டும். பாட்டனார் பட்ட தீண்டாமையின் வறுமை மதம் மாறியதனால் அக்குடும்பத்தை விட்டு அகன்றதில்லை. அங்ஙனமிருக்க, அவ்வீட்டுப் பிள்ளைக்கு உரித்தாயிருந்த ஓர் உதவியை மிகை என்று கழித்தது அநீதி. அதனை மீண்டும் வழங்குவதே மத்திய அரசின் கடமை. அதுவரையில் மாநில அரசாவது அவ்விடத்தில் நின்று இம்மாணவரைத் தாங்க வேண்டும்.